வலை விடாத தெரு

ஜூன் 29, ஞாயிறு

செரின் தூங்கிவிட்டாள். ஒன்பது மாதப் பிள்ளை. மூக்குக்குக் கீழே விரலை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன். மாமி, என் வீட்டுக்காரரின் அம்மா, பார்த்தால் சிரிப்பாள். "நான் ஆறு பெத்தேன், ஒண்ணு மூக்குலயும் வெரல வச்சதில்ல" என்பாள். அந்த ஆறில் இரண்டு தங்கவில்லை என்பதைச் சொல்லமாட்டாள்.

காலைப் பூசை முடிந்து சமுதாயக் கூடத்துக்குப் போனேன். குலுக்கலில் என் பெயர் விழுந்திருக்கிறது. எங்கள் சங்குத்துறையிலிருந்து இருபது பேர், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில் கிளிஞ்சிமுனையிலிருந்து இருபது பேர். வாக்காளர் பட்டியலை வைத்துக் குலுக்கினார்களாம். ஆறு ஞாயிற்றுக்கிழமை பெரிய திரையில் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். இரண்டு அரசாங்கமும் பேசித் தீராததை மீன்பிடிக்கிற வீட்டு ஆட்களே பேசி எழுதிக்கொடுத்தால், அடுத்த பேச்சுவார்த்தையில் அதை மேசையில் வைப்பார்களாம். பெயர் 'இருகரை மக்கள் அவை'. நடத்துகிற பெண் அபிநயா, சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். என் வயதுதான் இருக்கும்.

ஊர்த் தலைவர் அவளிடம் சொன்னார்: "பிரிசில்லா சின்னப் பொண்ணு, கைப்பிள்ளக்காரி. அது பேருக்கு அது புருசன் உக்காரட்டும்."

"குலுக்கல்ல அவங்க பேர்தான் சார் விழுந்துச்சு."

"பேரு விழுந்தா என்னம்மா? வீட்டுக்கு ஒரு வாயி போதாதா?"

எங்கள் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் சுவருக்கு வெளியேதான் நிற்போம். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மகனிடமோ புருசனிடமோ சொல்லி உள்ளே அனுப்ப வேண்டும். பொருளாதாரத்தில் பட்டம் வாங்கியவள் என்று பார்த்துச் சுவர் உள்ளே விடாது. இன்றைக்கு முதன்முதலாக உள்ளே நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் என் வீட்டுக்காரர் இன்பன்ட் எழுந்து நின்று கும்பிட்டார். "வாங்க மந்திரியம்மா. கஞ்சியா, காப்பியா?"

சிரித்தேன். ஆனால் நான் போவது அவருக்காகத்தான். அவர் டென்சிங் அண்ணனின் விசைப்படகில் டிரைவர். இந்தக் கரையோரம் மடியை, கடலடியைச் சுரண்டும் இழுவலையை, இழுத்து இழுத்து அடியில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. எல்லைக்கோட்டைத் தாண்டினால்தான் மீன்பாடு. இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்த நாட்டில் பிடித்து, இனி வந்தால் சிறை என்று நீதிமன்றத்தில் எழுதிவைத்து அனுப்பினார்கள். அப்போது நான் கல்யாணமான புதுசு. அந்த எழுத்து இன்னும் அங்கே இருக்கிறது. அவர் கடலுக்குப் போகிற ஒவ்வொரு நாளும் அது எனக்கு நினைவு வரும், அவருக்கு வருமா என்று தெரியவில்லை.

ஜூலை 2, புதன்

அவர் கடலில். பிள்ளைக்குச் சளி. மாமி நண்டு ரசம் வைத்தாள், நான் குடித்தால் பாலில் இறங்குமாம். நாலு துணி காயவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இன்றைக்குத்தான் உண்மையில் பேசினோம்.

கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கி கட்டியிருக்கிறார்கள். உள்ளே பேசுவதை ஊரே கேட்கலாம். அபிநயாவின் ஏற்பாடு அது. "இங்க ரகசியமே கிடையாது. பேச வேண்டியதை எல்லாரும் கேக்கப் பேசுங்க. அவைக்கு வெளிய அந்தப் பக்கத்து ஆளுங்களோட தனியாப் பேசிக்காதீங்க" என்றாள். ஒருவருக்கு இரண்டு நிமிடம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. மீன் ஏலத்தில் வளர்ந்த எங்களுக்கு இது உபவாசம் மாதிரி இருந்தது.

டென்சிங் அண்ணன்தான் முதலில் பேசினார். அவர் பெயர் எப்படிக் குலுக்கலில் விழுந்ததோ. "கடலுக்கு வேலி போட்டு வச்சிருக்கா? மீனு என்ன பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டா திரியுது?" என்று கேட்டார். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

திரையில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறை தெரிந்தது. இரண்டாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும், நீலச் சட்டை. பெயர் மரிய கொறற்றி.

"மீனுக்குப் பாஸ்போட் வேண்டாம் அண்ணை. என்ர நண்டு வலைக்குத்தான் வேணும்போல கிடக்கு. பின்னேரம் எங்கட கடலில விட்டது, விடியிறதுக்குள்ள உங்கட மடியில சிக்கி இந்தியாவுக்குப் போயிட்டுது."

இப்போதும் இரண்டு பக்கமும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இது மூண்டாவது தரம். என்ர மனுசனும் மைத்துனரும் இப்ப கூலிக்குப் போகினம். உங்கட ரோலர் படகு வந்துபோன இடத்தில அடியில ஒண்டும் மிஞ்சிறேல்லை. சேறுதான்."

எங்கள் பக்கம் சலசலப்பு. அப்போது சூசைமாணிக்கம் மாமா எழுந்தார். வடக்குத்தெருவில் நாட்டுப்படகு வைத்திருப்பவர். அதிகம் பேசாதவர். "அந்தம்மா சொல்றது நெசம். இந்தக் கரையிலயும் மடி எங்க வலையத்தான் அள்ளிட்டுப் போவுது. நாங்க சொல்ல முடியல, அவங்க சொல்றாங்க" என்றார்.

வெளியே ஒலிபெருக்கியடியில் யாரோ கூவினார்கள்: "யோவ், நீ எந்தக் கரைய்யா?"

என் முறை வந்ததும் எழுதிக்கொண்டு போனதெல்லாம் மறந்துபோனது. "எங்க வீட்டுக்காரர் மடி இழுக்குற போட்டுக்கு டிரைவர்" என்றேன். அதோடு சரி. உட்கார்ந்துவிட்டேன். கொறற்றி அக்கா திரையில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் மடியில் இருந்த பிள்ளையைப் பார்த்தாளோ என்னவோ.

ஜூலை 9, புதன்

விடிகாலையில் அவர் கிளம்பும்போது கேட்டேன், நாட்டுப்படகுக்கு மாறிவிடலாமா என்று.

"மாறலாம். தூண்டில எடுத்துக்கிட்டுக் கரையில உக்காரலாம். மந்திரியம்மா சம்பளத்துல சாப்புடலாம்."

"வெளாட்டு வேணாம் மச்சான். ஒங்கள ரெண்டாந்தடவ புடிச்சா..."

"புடிச்சாத்தான. ஒவ்வொரு தடவயும் நூறு போட்டு போவுது. நம்மளத் தேடிப் புடிக்க நான் என்ன மாப்பிள்ளையா?"

பிள்ளையின் உள்ளங்காலில் முத்தமிட்டுவிட்டுப் போனார். மீசை குத்தி அவள் காலை இழுத்துக்கொண்டாள்.

இரவு திரும்பி வந்துவிட்டார். எழுதிவைக்கிறேன், இன்றைக்கு வந்துவிட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

திரையின் ஒரு மூலையில் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர் வந்தார். அவர் நாட்டில் அப்போது விடிந்துகொண்டிருந்தது. தேச எல்லையைத் தாண்டி மக்கள் தாங்களே கூடிப் பேசுகிற பொதுவெளி ஒன்று உலகத்தில் பிறக்க முடியுமா என்று அறிஞர்கள் நெடுநாளாகச் சந்தேகப்படுகிறார்களாம். அது இங்கே பிறந்துகொண்டிருக்கிறதாம். அபிநயா மொழிபெயர்த்தாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"அவர் என்ன சொல்லுறார் தங்கச்சி?" என்றாள் கொறற்றி அக்கா.

"நாம பேசுறது நல்லாருக்குன்னு சொல்றாருக்கா."

"அதுக்கு இவ்வளவு நேரமோ?"

அப்புறம் இருவர் இருவராகப் பேச வேண்டும் என்று கையடக்கத் திரை கொடுத்தார்கள். எனக்குக் கொறற்றி அக்கா. மடியைப் பற்றியும் வலையைப் பற்றியும் பேச வேண்டிய நேரத்தில் பாதி பிள்ளையைப் பற்றிப் போய்விட்டது. செரினுக்குப் பல் முளைக்கிறது, எதைக் கண்டாலும் கடிக்கிறாள் என்றேன். "கடிக்கட்டும். பிறகு எங்களை மாதிரி வாயை மூடிக்கொண்டு இருக்கப் பழகிடுவாள்" என்றாள். அவளுடைய கடைசிப் பிள்ளைக்கும் செரினுக்கும் ஒரே மாதத்தில்தான் பிறந்தநாள்.

பிறகு கேட்டாள்: "உன்ர மனுசன் எங்கட பக்கம் வாறவரோ?"

பொய் சொல்ல வரவில்லை. தலையை ஆட்டினேன்.

"வாறது உங்கட பிழை. அதை நான் விடமாட்டன். ஆனா வரேக்க ஒரு சொல்லுச் சொல்லிவிட்டா வலையை எண்டாலும் எடுத்திருப்பமே. வலை போனா வருசம் போச்சு."

நேரம் முடிகிறது என்று மணி அடித்தது. அவள் கடகடவென்று தன் எண்ணைச் சொன்னாள். அபிநயா சொன்ன விதி எனக்கு நினைவில் இருந்தது. எண்ணும் நினைவில் நின்றுவிட்டது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நெஞ்சு லேசாக இருந்தது. கல்லூரியில் ஒரு பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கி வந்த நாள் மாதிரி. இது ஏதாவது ஆகும் என்று இன்றைக்கு நினைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

டென்சிங் அண்ணன் சாயந்திரம் வாசலில் நின்று பேசிவிட்டுப் போனார். நாளைக்குக் கிளிஞ்சிமுனைக்கு நேர் எதிரே இறால் கிடக்கிறதாம், மூன்று படகு மட்டும், வேறு யாருக்கும் மூச்சு விடக் கூடாது.

"ஞாயித்துக்கெழம நாங்க அந்த ஊர்க்காரங்க மூஞ்சியப் பாத்துப் பேசுவோம், புதங்கெழம நீங்க அவங்க வாசல்லயே போய் இழுப்பீங்களா?" என்று என் வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"நான் போவலன்னா வேற டிரைவர் போவான். அவன் அவங்க வலையோட சேத்து இழுப்பான். நானாவது பாத்து ஓட்டுவேன்."

"இருட்டுல என்னத்தப் பாப்பீங்க?"

ஐஸ் ஏற்றப் போய்விட்டார்.

கொறற்றி அக்காவுக்கு ஒரு குரல்செய்தி அனுப்பினேன். நாளைக்கு ராத்திரி முனைக்கு எதிரே வலை விட வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று. அவ்வளவுதான். யார் படகு, எத்தனை படகு என்று ஒன்றும் சொல்லவில்லை. "சரி பிள்ளை. ஆண்டவர் உன்னைக் காப்பார்" என்று பதில் வந்தது. இரண்டையும் அழித்துவிட்டேன்.

வலை தப்பும். இவருக்கும் பாவம் சேராது. இதில் யாருக்கு என்ன நஷ்டம்?

பிள்ளை இன்றைக்கு முதன்முதலாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஜூலை 16, புதன்

போயிருக்கிறார்.

ஜூலை 17, வியாழன்

மூன்று படகும் வரவில்லை. மற்றப் படகுகள் வந்துவிட்டன. மத்தியானம் செய்தி வந்தது. முனைக்கு எதிரே ரோந்துக் கப்பல்கள் காத்திருந்தனவாம், மூன்றையும் வளைத்துக் கரைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அடி உதை இல்லை, எல்லாரும் உயிரோடு இருக்கிறார்கள் என்று மீனவர் சங்கத்தில் சொன்னார்கள்.

கடற்கரையில் எல்லா வீட்டுப் பெண்களும் நின்றோம். மாமி அழவில்லை. "காத்துக்கிட்டுல்ல இருந்திருக்கான். எடந்தெரிஞ்சு காத்திருக்கான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

எத்தனையோ காரணம் இருக்கும். அவர்களிடம் ரேடார் இருக்கிறது. நிலாவும் இருந்தது.

ஜூலை 19, சனி

தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. கொறற்றி அக்கா. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.

"பிள்ளை, நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாதாவாணை."

நான் எதுவும் கேட்கவில்லையே என்றேன்.

"என்ர வலையை மட்டும் எடுத்தா மற்றவையின்ர போயிடுமே எண்டு எங்கட தெருவுக்கு மட்டும் சொன்னனான். இண்டைக்கு விடாதையுங்கோ, ஏன் எண்டு கேளாதையுங்கோ எண்டு. ஒரு தெருவே வலை விடேல்லை. நல்ல கடல், நண்டுக் காலம். பக்கத்துத் தெரு ஆக்கள் பாத்தவை, முனைக்கு முன்னால ஒரு மிதவை கூட இல்லை. ஏன் விடேல்லை, ஆருக்கு ஒதுங்கி நிக்கினம் எண்டு கதை போயிட்டுது. கதை நேவிக்கும் போயிட்டுது. ஒருத்தரும் காட்டிக்குடுக்கேல்லை பிள்ளை. வெறும் கடல்தான் சொல்லிப்போட்டுது."

அப்படி எத்தனையோ காரணம் இருக்கும் அக்கா, ரேடார் இருக்கிறது என்றேன்.

"ஓம். ரேடாரும் இருக்குது" என்றாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் மாதிரி இருக்கிறது. தொட்டால் சுடவில்லை, ஆனால் இருக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

அவைக்கு யாரும் போகக் கூடாது என்று சங்கத்தில் முடிவு. நானும் போகவில்லை. அபிநயா வீட்டுக்கு வந்தாள். அந்தப் பக்கம் இருபது பேரும் வந்து உட்கார்ந்து எங்கள் காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்களாம். "அவங்க யாருமே எழுந்து போகலைங்க. மூணு மணி நேரம்" என்றாள். நான் அவளுக்கு மோர் கொடுத்தேன். அவளிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது. விதியை மீறிவிட்டீர்களே என்று சொல்வாளோ என்றுதான் பயந்தேன். வேறு ஒன்றும் இல்லை.

ஜூலை 23, புதன்

சங்கம் அங்கே அமர்த்திய வக்கீல் தன் போனில் இவரை இரண்டு நிமிடம் பேசவிட்டார். பின்னால் இரும்புக் கதவுச் சத்தம்.

"பிள்ள நிக்குதா?"

"நிக்குது. சுவரப் புடிச்சுக்கிட்டு."

"விடச் சொல்லு. விட்டாத்தான் நடக்கும்." பிறகு, "பிரிசி, யாரோ எடஞ் சொல்லிருக்கான். இங்க உள்ளவனே சிரிக்கிறான், உங்க ஊர்ல இருந்துதான் வந்துச்சுன்னு. யாருன்னு தெரிஞ்சுதா?"

"தெரியல மச்சான்."

"சூசைமாணிக்கமா இருக்குமோ?"

இணைப்பு போய்விட்டது. நான் பதில் சொல்வதற்குள் போய்விட்டது.

ஜூலை 25, வெள்ளி

சூசைமாணிக்கம் மாமாவை ஊரிலிருந்து விலக்கிவிட்டார்கள். கடையில் அவர்களுக்குச் சாமான் கிடையாது, குழாயில் குடம் வைக்கக் கூடாது, அவர் மீனை யாரும் ஏலத்தில் கேட்கக் கூடாது. அவையில் அந்தப் பக்கத்துக்காகப் பேசினாரே, அது போதாதா என்றார்கள். அன்றைக்கு ஊரே ஒலிபெருக்கியில் கேட்டதுதானே.

மாமி சொன்னாள்: "அந்தாளுக்கு மூணு பொட்டப்புள்ள. மனசு எப்பிடி வந்துச்சு?"

உளுந்து நனையப் போட்டேன்.

ஜூலை 27, ஞாயிறு

பிடிபட்டவர்களை விடச் சொல்லி முழங்குவதற்காக, இந்த ஒரு நாள் அவைக்குப் போகலாம் என்று சங்கம் அனுமதித்தது. சூசைமாணிக்கம் மாமாவின் நாற்காலி மட்டும் காலி.

டென்சிங் அண்ணன் இரண்டு நிமிடத்தையும் தாண்டிப் பேசினார். அந்தப் பக்கமும் பதிலுக்குச் சத்தம். அபிநயா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுவில் நின்றாள். ஒருவழியாக அடங்கியபோது கொறற்றி அக்கா எழுந்தாள்.

"நான் ஒரு யோசனை வைக்கிறன். ரோலர் நிக்கும் வரைக்கும், வாற இடத்தை முதலே சொல்லிவிடுற ஏற்பாடு ஒண்டு வேணும். வலையாவது தப்பும். இது நான் கனவு கண்டு சொல்லேல்லை. உங்கட பக்கத்திலயிருந்து ஒரு மனுசி இதை ஏற்கெனவே செய்தவா. அவவால எங்கட தெருவின்ர வலை தப்பினது."

எங்கள் பக்கம் எல்லாரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள்.

அவளுக்குப் பக்கத்திலிருந்த அந்தப் பக்கத்துச் சங்கத் தலைவர் எழுந்தார். வயதானவர். "அந்தப் பிள்ளை ஆர் எண்டு இந்தச் சபையில சொல்லட்டும். அவவின்ர வீட்டு ஆள் பிடிபட்டிருந்தா, எங்கட வலையைக் காத்தவை எண்டு சங்கம் கோட்டில நீதவானுக்குக் கடிதம் குடுக்கும். நாங்கள்தான் பாதிக்கப்பட்ட ஆக்கள். எங்கட கடிதத்துக்கு அங்க மதிப்பிருக்கு. ஆனா பேரில்லாத மனுசிக்காகக் கடிதம் எழுத ஏலாது."

கொறற்றி அக்கா என்னைப் பார்க்கவில்லை. வேண்டுமென்றே வகுப்பறைக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

டென்சிங் அண்ணன் மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். "பொம்பளையா?" என்றார். பிறகு, "சூசைமாணிக்கம் பொஞ்சாதியாத்தான் இருக்கும்" என்றார். பின்வரிசையில் ஆமாம் ஆமாம் என்றார்கள்.

அபிநயா, "யாராவது பேச விரும்புறீங்களா?" என்று கேட்டாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்டாள். என்னிடம் வந்ததும் நான் எழுந்தேன். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது. செரின் வீறிட்டாள். வெளியே மாமி நிற்கிறாள். மற்றப் படகில் பிடிபட்டவர்களின் அம்மாக்கள், பெண்டாட்டிகள் நிற்கிறார்கள். இவர் எப்போதாவது திரும்பி வந்தால் இந்த ஊரில்தான் இறங்க வேண்டும்.

"பிள்ள அழுவுது. வெளிய கொண்டு போறேன்" என்றேன்.

அந்தப் பக்கத்தில் யாரோ தண்ணீர் குடிக்கும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது. நான் வெளியே வந்தேன்.

சொல்லியிருந்தாலும் கடிதம் கொடுத்திருப்பார்கள் என்று என்ன நிச்சயம்? பெரியவர்கள் ஆயிரம் சொல்வார்கள்.

ஜூலை 30, புதன்

இன்றைக்கு நான்கு தடவை கொறற்றி அக்காவின் எண்ணை அடித்து, மணி போவதற்குள் வைத்துவிட்டேன். அவளும் அழைக்கவில்லை.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கடைசி அமர்வு. கை தூக்கிச் சொல்ல வேண்டும். எல்லாரும் ஒப்புக்கொண்டவை: இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் கடிதம் எழுதிக்கொள்ள வேண்டும், கடலில் ஆபத்தில் இருப்பவனை எந்தக் கரையானாலும் காப்பாற்ற வேண்டும், பெரிய திருநாளுக்கு வாழ்த்து அனுப்ப வேண்டும். மடியை நிறுத்துவது பற்றி முடிவு இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று எழுதினார்கள்.

கொறற்றி அக்காவின் யோசனை வந்தபோது அந்தப் பக்கம் எல்லாக் கையும் உயர்ந்தது. இந்தப் பக்கம் ஒன்றுகூட இல்லை. அபிநயா இரண்டாவது முறை கேட்டாள். என் கையில் பிள்ளை இருந்தாள், அதனால் கை சும்மா இல்லை.

வெள்ளைக்காரப் பேராசிரியர் நன்றி சொன்னார். திரையை அணைப்பதற்கு முன்னால் கொறற்றி அக்கா, "பிள்ளைக்குப் பல்லு வந்திட்டுதோ?" என்று பொதுவாகக் கேட்டாள். யாருக்குக் கேட்டாள் என்று யாருக்கும் புரியவில்லை. நான் தலையை ஆட்டினேன். அவள் பார்த்தாளா என்று தெரியவில்லை. திரை கறுப்பாகிவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்

தீர்ப்பு. முதல் தடவை பிடிபட்ட எல்லாரையும் எச்சரித்து விட்டுவிட்டார்கள், அடுத்த வாரம் ஊருக்கு அனுப்புகிறார்கள். இரண்டாம் தடவை என்பதால் இவருக்கு மட்டும் இரண்டு வருடம்.

வக்கீலைக் கேட்டேன், அங்கே உள்ளவர்கள் யாராவது கடிதம் கொடுத்திருந்தால் குறைந்திருக்குமா என்று. "அந்த மாதிரி கடிதம் வந்து நான் பாத்ததில்லம்மா. வந்திருந்தா நீதவான் படிச்சுத்தான் பாத்திருப்பாரு. யாரு குடுக்கப் போறா?" என்றார்.

செரின் இரண்டு அடி நடந்தாள். விழுந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

மாமி இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை. இன்றைக்கு வெயில் தாழ எழுந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாடி" என்றாள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் போனேன். வழியில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். திரும்பி வரப்போகிறவர்களின் வீட்டுப் பெண்கள்கூட வந்தார்கள்.

சூசைமாணிக்கம் மாமாவின் வீட்டுக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே ஆள் இருப்பது ஜன்னல் துணி அசைவதில் தெரிந்தது. மாமி தெருவில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"எம்புள்ள கடல்ல போற எடத்தக் காட்டிக்குடுத்தவ வீடு வெளங்காமப் போவ! அவ வயித்துல பொறந்தது ஒரு எட்டு வைக்காமப் போவ!"

மண் கதவில் பட்டுச் சரசரவென்று விழுந்தது. ஒவ்வொருத்தியாகக் குனிந்து வாரித் தூற்றினார்கள். ஜன்னலுக்குள் ஒரு சின்னப் பெண் அழுதது. அவர்களுடைய கடைசி மகள், ஐந்தாவது படிக்கிறாள். ஒரு சாயந்திரம் அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

மாமி என் பக்கம் திரும்பினாள். "நீ ஏண்டி மரமாட்டம் நிக்கிற? ஒம்புருசன்தான உள்ள கெடக்கான்?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

குனிந்தேன். இடுப்பில் பிள்ளை இருந்ததால் ஒரு கையால்தான் வார முடிந்தது. மாமி சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். ஒரு எட்டு வைக்காமப் போவ என்பதுவரைக்கும் சொன்னேன். என் குரல் நன்றாகத்தான் வந்தது, அவையில் வராத அளவுக்கு.

மேற்குக் கச்சான் காற்று எதிரே அடித்துக்கொண்டிருந்தது. வீசியதில் பாதி எங்கள் மேலேயே விழுந்தது. செரின் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து ஆறின வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைத்துவிட்டேன். வலது கண் இன்னும் சிவப்பாக இருக்கிறது. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.